பத்து மணிக்கு இரண்டு

மேல் வீட்டுத் தையல்காரம்மாவைக் காலி செய்ய வைக்காமல் ஓய்வதில்லை என்று ரேடியோ மெக்கானிக் முடிவு கட்டிவிட்டார்.

மீட்டரை மறந்து வைத்துவிட்டதால் ஒருநாள் நடுப்பகலில் வீட்டுக்கு வந்தார். வெறுமனே சாத்தியிருந்த கதவைத் தள்ளும்போதே மேலே 'தொம்' என்று ஒரு சத்தம். கட்டிலில் அப்பா கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தார்.

பக்கவாதம் வந்து பேச்சே போய்விட்ட மனிதர். மகன் கடைக்குப் போனால் பகலெல்லாம் தனிமைதான். தூக்கம் ஒன்றுதான் துணை, அதிலும் மண்ணைப் போட்டால் எப்படி?

"ஆதாரம் இல்லாம யாரையும் நான் காலி பண்ணச் சொல்ல முடியாதுப்பா" என்றார் வீட்டுக்காரர்.

ஆதாரம்தானே? ஒரு குட்டி மைக், தீப்பெட்டி அளவு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, இரண்டு பேட்டரி. மொத்தமே மூன்று வோல்ட். பலத்த சத்தம் கேட்டால் சிவப்பு விளக்கு மின்னும், நேரமும் பதிவாகும். விசிறிச் சத்தத்துக்கெல்லாம் அசையாதபடி திருகித் திருகிச் சரிசெய்து, கட்டிலுக்கு மேலே அலமாரியில் வைத்தார்.

"உங்க தூக்கத்தை யாரு கெடுக்கறாங்கன்னு பார்த்துடலாம்ப்பா."

அப்பா வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"பயப்படாதீங்க, ஷாக் எல்லாம் அடிக்காது."

கடையில் சால்டரிங் புகை சுருண்டு எழும்போதெல்லாம் அவர் மனசு அந்த அறைக்குப் போய்விடும். திரைச்சீலை வழியே கசியும் வெயில், அரைத்தூக்கத்தில் அப்பா, அலமாரியில் மின்னி மின்னி அணைகிற சிவப்புப் பொட்டு. விரலில் சூடு பட்ட பிறகுதான் கனவு கலையும்.

ஒரு வாரம் போனது. தினமும் ஒரே பதிவு. பத்து மணிக்கு இரண்டு, பன்னிரண்டுக்கு இரண்டு, இரண்டுக்கு இரண்டு, நாலுக்கு இரண்டு.

அதென்ன இரண்டு? போர்டு ஒரே சத்தத்தை இரண்டாக எண்ணுகிறதோ என்று மைக்கை மாற்றினார், புரோகிராமைத் திருத்தினார். ம்ஹூம். நடுவே பத்து விநாடி இடைவெளி இருந்தது. அப்படியானால் வேண்டுமென்றேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, போர்டும் கையுமாக மாடி ஏறினார். தையல்காரம்மா தனியாக உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

"தினம் எட்டுத் தடவைக்கா, எங்கப்பா தலைக்கு மேல. மனுஷன் தூங்க வேண்டாமா?"

ஊசி நின்றது. "எட்டா? நான் நாலு தடவைதானே தம்பி கட்டையால தட்டறேன்."

"மெஷின் பொய் சொல்லாதுக்கா."

"சரியாத்தான் சொல்லுது. முதல் சத்தம் உங்கப்பாவோடது. கைத்தடியால சுவத்துல தட்டுவாரு, நல்லா இருக்கேன்னு. ரெண்டாவதுதான் என்னுது."

மெக்கானிக் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

"போன மாசம் கட்டில்லேருந்து விழுந்துட்டாரு தம்பி. சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கி உட்கார வச்சேன். அன்னிக்கு ஆரம்பிச்ச ஏற்பாடு இது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"விரலை உதட்டுல வச்சுக் கெஞ்சினாரு. பூட்டைப் பூட்டற மாதிரி கையைக் காட்டினாரு. விஷயம் தெரிஞ்சா நீங்க கடையைப் பூட்டிட்டுக் கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்துடுவீங்களாம்."

மெக்கானிக் தன் கையிலிருந்த போர்டைப் பார்த்தார். எண்ணத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் அதற்கும் கேட்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

கீழேயிருந்து மெல்ல 'டொக்' என்றது. மணி பத்து. போர்டில் விளக்கு எரியவில்லை, அதன் கணக்கில் அது சத்தமே இல்லை. மெக்கானிக்குக்குக் கேட்டது.

தையல்காரம்மா மரக்கட்டையை அவரிடம் நீட்டினார்.

"இன்னிக்கு நீங்களே தட்டுங்க தம்பி. சீக்கிரம். பதில் வரலைன்னா, ஒண்டியா இருக்கிற எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அவர் எழுந்து வரப் பார்ப்பாரு. அன்னிக்கு என் தையல் மெஷின் சத்தம் நின்னப்போ விழுந்ததே அப்படித்தான்."