உலகத்துக்கு ஒரே மணி

உலகம் முழுவதும் கடிகாரங்கள் ஒரே மணி காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது, கண்ணுகளா. தென்காசி சங்கரபாண்டியனுக்குத்தான் பேச வழியில்லாமல் போனது.

அவர் மகள் பூரணி, அப்பா சம்மதிக்காத கல்யாணத்தைச் செய்துகொண்டு கனடாவில் இருந்தாள். ஞாயிறுதோறும் காலையில் கூப்பிடுவாள். அவர் போனை வாங்கி, "அங்க மணி என்ன?" என்பார். அவள் சொன்னதும் மனைவி கோமதியிடம் கொடுத்துவிடுவார். இத்தனை வருஷமாக அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

சட்டம் வந்த முதல் ஞாயிறும் போன் வந்தது. இங்கேயும் அங்கேயும் ஒரே மணி. இனி எதைக் கேட்பது?

"அப்பா, இருக்கீங்களா?"

"என்னத்தையாவது பேசுங்களேன், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கோமதி கிசுகிசுத்தாள்.

"அங்க... வெளிச்சமா, இருட்டா?"

"இருட்டிருச்சுப்பா. பனி வேற கொட்டுது."

அவருக்குப் பதறிவிட்டது.

"இருட்டிருச்சா? மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துட்டாரா?"

போனை வாங்க நீட்டிய கையைக் கோமதி மெல்ல இழுத்துக்கொண்டாள்.