மூன்று நொடி இருக்கும்போது

இன்னும் நான்கு நிமிடம்.

ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில், பிரிக்காத சேலைக் கட்டுகளுக்கு நடுவே அவள் நின்றிருந்தாள். தேநீருக்கு விட்ட பத்து நிமிடத்தில் ஆறு போய்விட்டது.

கைப்பேசித் திரையில் ஒரு பதக்கம்.

முலாம் உரிந்திருந்தது. நாடா நைந்திருந்தது. ஓரத்தில் பச்சை ஏறியிருந்தது.

மாநிலத் தடகளப் போட்டி, திருச்சி, 1997. பெண்கள் எண்ணூறு மீட்டர். முதலிடம்.

ஏலத்தில் இதுவரை வந்த அதிகபட்சக் கேள்வி: 6,500 ரூபாய்.

கேட்டிருப்பது யாரென்று ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

போன வாரம், பழைய ஓட்டக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஒருவர் இந்தப் படத்தைப் போட்டிருந்தார். பழைய சாமான்கள் விற்கும் இணையதளத்தில் ஏலத்துக்கு வந்திருக்கிறது, யாருடையது என்று கேட்டிருந்தார். ஐந்தே நிமிடத்தில் முத்துப்பேச்சி எழுதினாள்.

'என்னுதுதான். வீடு மாறும்போது பழைய இரும்போட போயிருச்சு. நானே ஏலத்துல எடுத்துக்கிடுதேன். தயவுசெஞ்சு யாரும் ஏத்திக் கேட்டுராதீங்க.'

இருபத்திரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

ஜெசிந்தாவும்தான்.

அன்றைக்கே வேறொரு பெயரில் அந்தத் தளத்தில் சேர்ந்தாள். ஏலம் முடியும் நேரம் பார்த்து, நமக்குப் பதிலாகத் தானே விலை கேட்கும் ஒரு செயலியையும் தேடிப் பிடித்தாள். எவ்வளவு வரைக்கும் போகலாம் என்று ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும். கடைசி வரைக்கும் ஆளே இல்லாத மாதிரி இருக்கும். மூன்று நொடி இருக்கும்போது உள்ளே நுழையும். எதிராளி திரும்பிப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும்.

பன்னிரண்டாயிரம் என்று சொல்லி வைத்தாள். அவளுடைய ஒரு மாதச் சம்பளம் அது.

ஒரு நிமிடம்.

அன்றைக்குத் திருச்சியில், கடைசி இருநூறு மீட்டரில் ஜெசிந்தாதான் முன்னால் ஓடினாள். வளைவில் முத்துப்பேச்சி உள்பக்கமாக நெருங்கி வந்தாள். முழங்கை விலாவில் இறங்கியது. ஜெசிந்தா தடுமாறி, சமாளித்து, மறுபடி ஓடினாள். ஒரே ஒரு எட்டு பிந்திவிட்டது. நடுவர் பார்க்கவில்லை என்றார். அந்த வருடம் ரயில்வே வேலையில் ஓட்டக்காரிக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. முதலில் வந்தவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பத்து நொடி.

6,500. எண் அசையவில்லை. மதுரையில் ஏதோ ஒரு ரயில்வே அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, இதே எண்ணைப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டிருப்பாள்.

நான்கு.

மூன்று.

6,600.

ஏலம் முடிந்தது. நீங்கள் வென்றுவிட்டீர்கள்.

ஜெசிந்தா சத்தம் போடவில்லை. சேலைக் கட்டு ஒன்றைக் கையால் ஓங்கி அறைந்தாள். தூசி எழும்பியது.

தூசி அடங்குவதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. முத்துப்பேச்சி.

"நீதானட்டி."

ஜெசிந்தா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அந்தத் தகரத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல கேக்க, உலகத்துலயே ரெண்டு பேருதான் இருக்கோம். எனக்குத் தெரியாதா?"

"நான்தான்."

"கட்டைவிரலு போட்டேல்லா?"

"நீ முழங்கை போட்டேல்லா?"



"ஆமா" என்றாள் முத்துப்பேச்சி. "வேணும்னுதான் இடிச்சேன். இப்ப அதுக்கு என்ன?"

இருபத்தேழு வருடம். வேண்டுமென்றே இடித்தாள் என்று ஜெசிந்தா நடுவரிடம் சொன்னாள். பயிற்சியாளர் அந்தோணி சாரிடம் சொன்னாள். பிறகு புருஷனிடம், இரண்டு மகள்களிடம். ஒருவரும் இல்லை என்று மறுக்கவில்லை. ஒருவரும் நம்பவும் இல்லை. இப்போது இடித்தவளே சொல்லிவிட்டாள். கேட்பதற்கு அந்த அறையில் வேறு யாருமில்லை.

"என்ன, வாயடைச்சுப் போச்சா? மெடல நீயே வச்சுக்க. கழுத்துல மாட்டிக்கிட்டுத் தூங்கு. அந்த வேலைய எந்த ஏலத்துலட்டி போய் எடுப்ப?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஜெசிந்தா உடனே திருப்பி அழைத்தாள். எடுக்கவில்லை. இன்னொரு தடவை அழைத்தாள். அதற்குள் முத்துப்பேச்சி அவளுடைய எண்ணைத் தடுத்து வைத்துவிட்டாள்.

கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள். பதினெட்டு வயதுக்குப் பிறகு அவள் வாயில் வராத வார்த்தை.

கீழே போக வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனபோது மறுபடியும் அழைப்பு. புது எண்.

"வணக்கம் மேடம். மதுரையில இருந்து பேசுறேன். மெடல் ஏலத்துல எடுத்தீங்கல்ல, நான்தான் வித்தவன். நாளைக்கே பார்சல் போட்டுர்றேன். அட்ரஸ் சொல்லுங்க."

சொன்னாள். கதவு எண், தெரு, தூத்துக்குடி, பின்கோடு. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"பேரு மேடம்?"

"ஜெசிந்தா."

"தப்பா நினைச்சுக்காதீங்க. நாப்பது வருஷமா பழைய இரும்பு வாங்குறேன். இந்த மாதிரி ஒண்ணுக்குக் கடைசி நிமிஷத்துல வந்து யாரும் இப்படி மோதிப் பாத்ததில்ல." கொஞ்சம் தயங்கினார். "இது நீங்க ஓடி வாங்குனதா?"

ஜெசிந்தா கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆமா."

"அப்பிடியா மேடம். ரொம்ப சந்தோஷம்." அவர் குரலில் நிஜமாகவே மரியாதை ஏறியிருந்தது. "அப்புறம் எப்படி மேடம் கையவிட்டுப் போச்சு?"

ஜெசிந்தா மெல்ல ஒரு சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்து, அந்த வளைவிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.