சண்டைக்கு ஒரு கீர்த்தனை

தீட்சிதர் கீர்த்தனைகளைக் கேட்டு வைத்திலிங்கம் வரைந்த ஓவியங்களை எல்லோரும் தியானம் என்றார்கள். ஒவ்வொன்றும் ஒரு சண்டை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கோபம் வந்தால் அபயாம்பாள் புருஷனோடு பேசமாட்டாள். சவுக்க காலத்தில், நின்று நிதானமாக, தீட்சிதரைப் பாட ஆரம்பித்துவிடுவாள். அவரும் திட்டு வாங்குகிற முகத்தோடு தூரிகையை எடுப்பார். குரல் போகிற வழியில் நீலம் போகும்.

கடைசிப் படம் பாதியில் நிற்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளுக்குக் கோபமே வரவில்லை.

"குழம்புல உப்பே இல்ல."

உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உங்கண்ணன் ஒரு ஊதாரி."

"ஆமாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு பயந்ததில்லை. பாதிப் படத்தையே நவீன ஓவியம் என்று, படம் கேட்டிருந்த சபாக்காரர்கள் தலையில் கட்டிவிடலாம், அதற்கெல்லாம் அவருக்கு வாய் உண்டு. இவளை என்ன செய்வது?

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வேறு வழி தெரியாமல், தானே பாடினார். அவருடைய சங்கீதத்தைப் பற்றித் தெருநாய்களுக்குத் தனி அபிப்பிராயம் உண்டு.

"அங்க எறங்கக் கூடாது," என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"எங்க?"

"எறங்கினீங்களே, அங்கதான். மாடிப்படில உருண்ட மாதிரி."

வைத்திலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த இடம் வந்ததும், வேண்டுமென்றே, முன்னைவிட மோசமாக இறங்கினார்.

போர்வை அசைந்தது.