இரையும் கிதார்

"பழைய பிக்கப் சார், இப்படித்தான் இரையும்," என்று எலெக்ட்ரிக் கிதாரின் கம்பிகளுக்கு அடியிலிருந்த காந்தப் பட்டையைக் காட்டிவிட்டு, மெக்கானிக் கம்பிகளிலிருந்து கையை எடுத்தார். ஸ்பீக்கர் உர்ரென்றது. கையை வைத்ததும் அடங்கியது.

அந்த ஒரு உறுமலுக்கே, வாடிக்கையாளரின் மனைவி ஸ்டூலிலிருந்து எழுந்து, மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

"பாத்தீங்களா, இவளுக்கே ஆகல," என்று கணவன் சிரித்தான். "சத்தம் வராத பிக்கப்பா மாத்திடுங்க."

மெக்கானிக் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். "இது மூச்சுக் காட்டாது சார்."

"வேண்டாங்க," என்றாள் அவள் வாசலிலிருந்தே. "இரையறதே இருக்கட்டும்."

கணவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அதற்குள் போன் அடிக்கவே வெளியே போனான்.

காலமெல்லாம் இரைச்சலை அடக்கியே பிழைத்த மெக்கானிக்குக் கடுப்பாக வந்தது. "இந்தக் கண்றாவிச் சத்தத்துல அப்படி என்னம்மா இருக்கு?"

அவள் மேசையருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "இரைஞ்சா, மாடியில இவர் வாசிக்கறத நிறுத்திக் கம்பியிலேர்ந்து கையை எடுத்துட்டார்னு அர்த்தம்ணே. அவர் மாடியிலேர்ந்து இறங்கறதுக்குள்ள நானும் பாப்பாவும் ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவோம்."

மெக்கானிக் குழந்தையைப் பார்த்தார். அது அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தது. பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளினார்.

கணவன் உள்ளே வந்தான்.

"உங்க கிதாருக்குப் புதுசு சேராது சார்," என்றார் மெக்கானிக். "பழசே இருக்கட்டும்."

"சரி, இரைஞ்சிட்டுப் போகட்டும்," என்றான் அவன் சாவகாசமாக. பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

"போன்ல கார்பெண்டர்தான். ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிட்டானாம்."