சிவப்புக் காரின் புதுக் குரல்

பெரிய எஞ்சின் வைத்த சிவப்புக் கார் ஒன்று, புது சைலன்சர் மாட்டிக்கொள்ளும் குஷியில் ஒர்க்‌ஷாப்பில் நிலைகொள்ளாமல் நின்றது.

"நான் கம்பீரமாப் பேசுவேன். ஆனா அளவாப் பேசுவேன்" என்றது அலமாரியில் இருந்த ஒரு சைலன்சர்.

"நான் வாயைத் திறந்தா தெருவே அதிரும்" என்றது பக்கத்தில் இருந்த இன்னொன்று.

"நீதான்டா என் ஆளு!" என்று கத்தியது கார்.

மாட்டியதும் நேரே தெருமுனைப் பிள்ளையார் கோயில். மாலை, சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் என்று ஏக உபசாரம். உள்ளே ஒருவர் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவதை வாசலில் இருந்து பார்த்த கார் அசந்துபோனது. அடேயப்பா, சாமிக்கு என்ன மரியாதை!

எலுமிச்சம்பழங்கள் நசுங்க, ஒரே உறுமலில் கடைத்தெருவுக்குள் பாய்ந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"தம்பி, பின்னால என்ன நடக்குது? சீக்கிரம் சொல்லு!" என்று பக்கவாட்டுக் கண்ணாடியைக் கேட்டது.

"எல்லாரும் ரெண்டு கையையும் காதுக்குக் கொண்டுபோறாங்க, அண்ணே."

காருக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாருமா? பூக்காரம்மாகூடவா?"

"பூக்காரம்மா, டீ மாஸ்டர், டிராபிக் போலீஸ்காரர்கூட."

"உட்கார்ந்து எழுந்தாங்களா?"

"இல்லை அண்ணே. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நிக்கிறாங்க."

கார் நெகிழ்ந்துபோனது.

"பாவம், நான் வேகமா வந்துட்டேன். தோப்புக்கரணம் போட நேரமே கொடுக்கலை" என்றபடி, நிதானமாக இன்னொரு தரிசனம் கொடுக்கத் திரும்பியது.