ஏப்ரல் மாதப் பூஜ்யம்

"எங்க ஓடைக்குப் பூஜ்யம் போட்டது யாரு மேடம்?"

மின்துறைத் தலைமை அலுவலகத்தின் திட்டப் பிரிவில் அத்தனை தலைகளும் திரும்பின. கேட்டவர், மலைமேல் இருக்கும் ஒரு சின்ன நீர்மின் நிலையத்தின் ஆபரேட்டர். ஆறு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். கையில் தடிமனான பதிவேடு.

மேடம் அந்தப் பிரிவின் இன்ஜினியர். அடுத்த இருபது வருடத்துக்கு எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தரும் என்று கணக்குப் போடுவது அவருடைய வேலை. மலைமேல் வேலை பார்க்கும் ஒன்பது பேரும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பூஜ்யம் மேடம்'. நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

மேடம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வாங்கண்ணே, கீழ போய் ஒரு டீ குடிச்சுக்கிட்டே பேசலாம்."

"டீ வாங்கிக் குடுத்து வாயை அடைக்கலாம்னு பாக்கறீங்களா? இங்கயே பேசுங்க. நாலு பேருக்குத் தெரியட்டும்."

பதிவேட்டை மேஜைமேல் தொப்பென்று போட்டார். எட்டு வருடமாகத் திட்டத்தில் 'ஏப்ரல் மாத உற்பத்தி: பூஜ்யம்' என்றே வருகிறது. கோடையில் தண்ணீரே இல்லாத இடத்துக்குச் செலவு எதற்கு என்று மேலிடம் ஒரு திருகாணிகூட அனுப்புவதில்லை. போன வருடம் பேரிங்கைப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து மாட்டினார்கள். இப்போது டர்பைனே தேய்ந்துவிட்டது. புதிது வராவிட்டால் நிலையத்தை மூட வேண்டியதுதான், ஒன்பது குடும்பமும் நடுத்தெருவில்தான். இவ்வளவையும் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

"ஏப்ரல்லகூட எங்க ஓடையில முழங்கால் அளவு தண்ணி ஓடுது. ஒரு நாள் விடாம அளந்து எழுதியிருக்கேன். பொய் எழுதறதுக்கும் ஒரு அளவு வேணாமா மேடம்?"

மேடம் பதிவேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதை அவர் பக்கமே தள்ளினார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இதை எடுத்துக்கிட்டுப் பேசாம ஊருக்குப் போங்க."

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. ஆபரேட்டர் பதிவேட்டை வாரிக்கொண்டு சீஃப் இன்ஜினியரின் அறையை நோக்கி நடந்தார். மேடம் பின்னாலேயே ஓடிவந்து கதவை மறித்து நின்றார்.

"அண்ணே, உள்ள போகாதீங்க. சொன்னாக் கேளுங்க."

"குட்டு உடைஞ்சிடும்னு பயமா?" என்று கேட்டுவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

சீஃப் தங்கமானவராக இருந்தார். நாற்காலி போடச் சொன்னார். பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இவ்வளவு நல்ல ஓடை இத்தனை நாள் தன் கண்ணில் படாமல் எப்படிப் போனது என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வருத்தப்பட்டார். அங்கேயே திட்ட ஃபைலை வரவழைத்து, பூஜ்யத்தை அடித்துவிட்டுச் சரியான அளவைத் தன் கையாலேயே எழுதினார். டர்பைன் பேச்சை எடுத்ததும், இனி அதைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று தோளில் தட்டி அனுப்பினார்.

அரை மணி நேரத்தில் ஆபரேட்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேடத்தின் மேஜை முன் வந்து நின்றார்.

"யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கும் ஒரு காலம் வரும் மேடம். சீஃபே திருத்திட்டார். இனிமே உங்க பூஜ்யத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவீங்க?"

மேடத்தின் முகம் சிவந்து கண் கலங்கியிருந்தது. டிராயரைத் திறந்து, 'வெளியே காட்டக் கூடாது' என்று முத்திரை குத்திய தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வீசினார். யார் கேட்டாலும் கேட்கட்டும் என்பதுபோல் உரக்கவே பேசினார்.

"ஏப்ரல்ல தண்ணி ஓடற ஓடையையெல்லாம் சுரங்கம் வெட்டிப் பெரிய அணைக்குத் திருப்பிடணும்னு எட்டு வருஷமா உத்தரவு இருக்கு. ஆறு ஓடை போயாச்சு, ஆறு நிலையத்துக்கும் பூட்டுப் போட்டாச்சு. உங்க ஓடையை மட்டும்தான் பூஜ்யம் போட்டு என்னால ஒளிச்சு வைக்க முடிஞ்சுது."