அன்னாசி பழுத்ததும்

"ஏட்டி செல்வி, நடுவுல என்னமோ செவப்பாத் தெரியுது, பாரு."

சொன்ன பிறகுதான் அது என்னவென்று மாரிச்செல்வத்துக்கே புரிந்தது. அன்புசெல்வி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். மொட்டை மாடியில், பெயிண்ட் வாளிக்குள் முள்முள்ளாக விரிந்து நின்ற அன்னாசிச் செடியின் நடுக்குருத்தில், மிளகாய்ப் பழ நிறத்தில் ஒரு மொட்டு.

"பூத்திருச்சுங்க" என்றாள்.

ஆறு வருடமாகக் காத்திருந்த பூ அல்லவா.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனிகள் நிறைந்த நெருப்பெரிச்சலில் ரங்காத்தாள் வீட்டு மாடியில் குடியேறிய முதல் மாதம், தள்ளுவண்டியில் ஓர் அன்னாசிப் பழம் வாங்கினார்கள். பழத்தைத் தின்றபின் அதன் கொண்டையைத் தூக்கிப் போட செல்விக்கு மனம் வரவில்லை. திருகி எடுத்து, அடி இலைகளை உரித்து, மூன்று நாள் நிழலில் காயவைத்து, தண்ணீர்த் தம்ளரில் நிறுத்தினாள். வெள்ளை வெள்ளையாக வேர் வந்தது.

அதைப் பார்த்த மாரிச்செல்வம், "இது காய்ச்சுப் பழுத்ததும் ஊருக்கே போயிருவோம்ட்டி" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் புது ஊரில் பயந்து கிடந்த இரண்டு பேருக்கும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. அந்தப் பேச்சே சத்தியமாகிவிட்டது.

முதல் செடி இரண்டு வருடம் வளர்ந்து, அடி அழுகிப்போனது. மாரிச்செல்வம்தான் பார்த்துச் சொன்னான். வேறு பழம் வாங்கி, வேறு கொண்டை வைத்தார்கள். அதையும் இரண்டு வருடம் கழித்து மயில் கொத்திக் குதறிவிட்டது. அதைப் பார்த்தவள் செல்வி. இது மூன்றாவது.

"இப்ப ஆடி. பழுக்க தை ஆயிரும்" என்றான் அவன்.

"அப்ப தைப்பொங்கல் ஊர்லதான்."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பக்கத்து நிட்டிங் யூனிட் சத்தமில்லாமல் கிடந்தது. மேற்கே வானம் சாயப்பட்டறையில் முக்கி எடுத்த துணியாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"மொதல்ல வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்."

"வெள்ளை வேண்டாம். இளநீலம்."

"சரி, இளநீலம். தெருவைப் பாத்து ஒரு தையல் மிசின் போட்ருவேன். நீ ரெண்டு ஆடு வாங்கிக்க."

"பின்னால கிணத்தடியில அன்னாசி நடலாம். வரிசையா."

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கிணறே கிடையாது. ஆனால் பேசப் பேச ஊர் பெரிதாகிக்கொண்டே போனது. கிணறு வந்தது, அதில் தண்ணீரும் வந்தது, தண்ணீரில் நிலாகூட விழுந்துவிட்டது. கனவுக்கு என்ன, வாடகையா அட்வான்ஸா.

இங்கே அவன் இப்போது கட்டிங் மாஸ்டர். அவள் செக்கிங் சூப்பர்வைசர். முப்பது பெண்கள் அவளை 'அக்கா' என்று கூப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சொன்ன சொல் சொன்ன சொல்தானே.

படியிறங்கும்போது செல்வியின் கண் கலங்கியிருந்தது.

"என்னட்டி?"

"சந்தோசம்தாங்க. வீட்டுக்காரக்காகிட்ட இப்பவே சொல்லிருவோம்."

கீழே ரங்காத்தாள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அதை அணைத்தார்.

"காலி பண்றீங்களா? ரெண்டு பேருத்துக்கும் மனசுக்கு ஒப்புதுங்களா, தம்பி?"

"இவளுக்கு ஊருன்னா உசுருக்கா. ஆறு வருசமா இதே நெனப்பு" என்றான் மாரிச்செல்வம்.

"அவருக்கும் அப்படித்தான்க்கா" என்றாள் செல்வி. "செடி பட்டுப்போனப்பல்லாம் அவரு மொகத்தப் பாக்க முடியாது."

ரங்காத்தாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போய், இரண்டு அன்னாசிப் பழங்களோடு திரும்பி வந்தார். கூடம் முழுக்க வாசனை.

"எங்க குன்னத்தூர்த் தோட்டத்துல காலைல அறுத்தது. ரெண்டு செடி நிக்குது, வருசா வருசம் காய்க்குது."

செல்வியின் முகம் வெளுத்தது. மாரிச்செல்வம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை உற்றுப் பார்த்தான். இருவருக்குமே அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

"பழம் இருக்கட்டும்க்கா, நாங்க கிளம்புதோம்."

"உக்காருங்க தம்பி. சொல்ல வேண்டாம்னீங்கன்னு இத்தன நாளும் வாயத் தெறக்கல. காலி பண்றோம்னு வந்து நிக்கறப்ப, இனியும் சும்மா இருந்தா அது பாவமுங்க."

ஒரு பழத்தை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, செல்வியைக் காட்டினார்.

"மயிலு கொத்திருச்சுன்னு உங்ககிட்டச் சொல்லிப்போட்டு, மொட்டு விட்ட செடிய இந்தக் கண்ணு புடுங்கியாந்து எங்கிட்டக் குடுத்துச்சு. அதுல காய்ச்சது இது. 'எனக்கு இந்த ஊருதான்க்கா புடிச்சிருக்கு. அவருக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிருவாரு'ன்னு ஒரே அழுகை."

மாரிச்செல்வம் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் தலை நிமிரவே இல்லை.

ரங்காத்தாள் இன்னொரு பழத்தை அவள் மடியில் வைத்தார்.

"இது, அதுக்கும் ரெண்டு வருசம் முந்தி, அடி அழுகிப்போச்சுன்னு உங்கிட்டச் சொல்லிப்போட்டு, இதே வார்த்தையச் சொல்லி உன்ற ஊட்டுக்காரர் கொண்டாந்து குடுத்த செடியில காய்ச்சது, கண்ணு."